பேஸ்போல் பார்க்கப் போன ஞாயிறும் மச்சானின் இடது கையும்

பேஸ்போல் மைதானத்துக்கு முதல் தடவை போகப் போகிறீர்கள் என்றால் என்னைக் கேளுங்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு மேட்ச்தான் பார்த்திருக்கிறேன், அதையும் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தவன் நான். ஆனால் அந்தப் பாதி மேட்ச்சுக்குள் செய்யக்கூடாதது அத்தனையையும் நானும் மச்சானும் செய்து முடித்துவிட்டோம். இந்த விஷயத்தில் லண்டன் டூட்டிங்கில் என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை.

முதல் அறிவுரை: வேலைக்குச் சுகமில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இதை எந்த இணையப் பக்கத்திலும் போட்டிருக்கமாட்டார்கள். எவ்வளவு பெரிய பை கொண்டுபோகலாம், தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கழற்ற வேண்டுமா, வெயிலுக்கு என்ன பூசுவது, எல்லாம் போட்டிருப்பார்கள். நான் ஏழெட்டுப் பக்கம் வாசித்துவிட்டுத்தான் போனேன். டிகிரி முடித்தவன் இல்லையா, ஆராய்ச்சி செய்யாமல் ஒரு இடத்துக்கும் போகமாட்டேன்.

டிக்கெட் வந்தது என் அலுவலகத்தில். அமெரிக்காவிலிருந்து இரண்டு அணிகள் லண்டனுக்கு வந்து, கிழக்கு லண்டனில் ஒரு பெரிய ஸ்டேடியத்தில் விளையாடப் போகின்றன. யாரோ ஒரு வாடிக்கையாளர் இரண்டு டிக்கெட் கொடுத்திருந்தார். குலுக்கிப் போட்டதில் எனக்கு விழுந்தது. யாரைக் கூட்டிப் போவது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மச்சானைத்தான்.

மச்சான் என்றால் அம்மாவின் அண்ணன் மகன். என்னைவிட ஆறு வயது மூத்தவன், முறைப்படி அத்தான் என்று கூப்பிட வேண்டும், நான் கூப்பிடுவதில்லை. நான் இங்கேயே பிறந்தவன். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம். ஸ்ட்ரெதமில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை. அவனுடைய விசா அந்த வேலையோடு ஒட்டியிருக்கிறது. அந்த இல்லம் அவனை வேண்டாம் என்றால் அறுபது நாள் தருவார்கள். அதற்குள் இன்னொரு இடம் அவனை எடுக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவன் வந்த நேரம் விசாச் சட்டம் மாறியதால் மனைவியையும் மகளையும் கூட்டிவர முடியவில்லை. மகள் நடக்கத் தொடங்கியதை அவன் பார்த்தது போனில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் பொயின்ட்டில் நின்றவன். அடிக்கிறவனுக்குப் பக்கவாட்டில், பந்து கன்னத்தைக் கிழிக்கிற மாதிரி வருகிற இடம். அவன் பிடித்த கட்ச்களைப் பற்றி ஊரில் இன்னமும் கதைப்பார்களாம். இங்கே வந்தபிறகு அவன் கையில் ஒரு பந்தைக்கூட நான் கண்டதில்லை. வேலை, தூக்கம், போன், வேலை. அதனால்தான் அவனைக் கூட்டிப் போக ஆசைப்பட்டேன். உண்மையாகவே நல்ல மனதோடுதான்.

ஞாயிறு ஷிப்ட் இருக்கிறது என்றான். சுகமில்லை என்று சொல்லச் சொன்னேன்.

“விசர்க் கதை கதையாதை” என்றான்.

“ரெண்டு வருசத்திலை ஒரு நாள் சிக் லீவு எடுத்தனியே? மெஷின் எண்டு நினைக்கப் போகினம். பிறகு உனக்குச் சம்பளத்துக்குப் பதிலா எண்ணெய்தான் விடுவினம்.”

சிரித்தான். சிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஆள் வருவான் என்று.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவன் மனேஜருக்கு அழைத்தபோது என்னையும் இன்னொரு போனில் வைத்திருந்தான், தைரியத்துக்கு. இருமு, குரலைக் கரகரப்பாக்கு என்று நான் வகுப்பு எடுத்திருந்தேன். அவன் இருமவே இல்லை. வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிவிட்டு, மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான். மறுபக்கத்தில் அந்தப் பெண், நன்றாக ஓய்வெடு, தண்ணீர் குடி என்று சொன்னது எனக்கும் கேட்டது. அவள் அன்பாகச் சொன்னதுதான் அவனைக் கொன்றது. போனை வைத்ததும், “அவ நம்பிட்டா” என்றான். அந்தக் குரலில் துளி சந்தோஷம் இல்லை.

ரயிலில் அவனோடு போனது ஏதோ கொலை செய்துவிட்டுத் தப்பி ஓடுகிறவனோடு போனது மாதிரி இருந்தது. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறக்கும்போது யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தான். பொன்னிறத் தலைமுடியோடு ஒரு பெண் ஏறினால் போதும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். மனேஜருக்குப் பொன்னிறத் தலைமுடி. லண்டனில் அப்படி எத்தனை பேர் என்று நான் நக்கலடித்தேன். அப்போது எனக்கு எல்லாமே பகிடிதான்.

ஸ்டேடியத்துக்குள் போனதும் அவன் கொஞ்சம் மாறினான். புல்லைப் பார்த்தான். அவ்வளவு பச்சையை அவன் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லையாம். இடுப்பை வளைத்து, விரல்களை மடக்கி விரித்து, தன்னை அறியாமல் தயாராகிறான் என்று கண்டேன். யார் என்ன செய்கிறார்கள் என்று நான் விளக்க, அவன் அதை உடனே கிரிக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டான். எறிகிறவன், அடிக்கிறவன், பின்னால் நிற்கிறவன். எல்லாருடைய கையிலும் அவ்வளவு பெரிய தோல் கையுறை எதற்கு என்றுதான் அவனுக்கு விளங்கவில்லை. பயந்த சனம் என்றான்.

எங்களுக்குத் தந்த இருக்கைகள் அடிக்கிறவனுக்கு நேர் பின்னால், வலைக்கு உள்ளே. அந்த வலை எதற்கு என்று நான் வாசித்திருந்தேன். அடிக்கிற பந்து கோணலாகப் பறந்து சனத்துக்குள் வரும், கையால் எறிந்த மாதிரி இல்லை, சுட்ட மாதிரி வரும், ஆகவே வலைக்குப் பின்னால் இருங்கள், பந்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள் என்று எல்லாப் பக்கத்திலும் எழுதியிருந்தது. வாசித்தேன், விளங்கியது, மறந்தும் போகவில்லை. ஆனால் வலையோடு சேர்த்து எடுத்தால் போட்டோ கோழிக்கூட்டுக்குள் இருந்து எடுத்த மாதிரி வந்தது. அங்கால் வலை முடிகிற இடத்தில் இரண்டு இருக்கை காலியாகக் கிடந்தது. வா என்று அவனை இழுத்துக்கொண்டு போனேன். அவன் எங்கள் டிக்கெட் இதுக்கில்லையே என்று இரண்டு தடவை சொன்னான்.

அங்கே போய் ஒரு கால் மணித்தியாலம் இருக்கும். நான் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, போனை உயர்த்தி, எங்கள் இரண்டு பேரையும் பின்னால் மைதானத்தையும் சேர்த்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டும் இருந்தேன். பின்னால் மரம் முறிந்த மாதிரி ஒரு சத்தம். சனம் ஓவென்று இரைந்தது. நான் திரும்பவில்லை. போன் திரையில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் மச்சானின் முகம் மாறுவதைக் கண்டேன். அவ்வளவுதான் கண்டது. அவன் எழும்பியதுகூடத் தெரியவில்லை. என் வலது காதுக்குப் பக்கத்தில் சதையில் அறைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காற்று என் கன்னத்தில் பட்டது. திரும்பினால், என் கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்தில் அவனுடைய இரண்டு உள்ளங்கைகளும் குவிந்தபடி, நடுவில் வெள்ளைப் பந்து.

அது என் தலைக்கு வந்த பந்து. அதை இப்போது எழுதும்போதும் காதுக்குப் பின்னால் குளிர்கிறது.

அடுத்து அவன் செய்தது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. பேஸ்போலில் சனத்துக்குள் வந்த பந்தை யார் பிடித்தாலும் அது அவருக்குத்தான். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். சின்னப் பிள்ளைகள் அதற்காகவே கையுறை போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். மச்சானுக்கு அது தெரியாது. கிரிக்கெட்டில் பந்து மைதானத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் நிற்கும். பிடித்த வேகத்திலேயே, ஒரு நொடி யோசிக்காமல், வலது கையால் எறிந்தான். தலைகளுக்கு மேலே, கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக, மூன்றாவது பேஸ் என்கிற மூலையில் நின்ற வீரனின் கையுறைக்குள் போய் விழுந்தது. அந்த வீரனே ஒரு அடி பின்னால் போனான். பிறகு சிரித்துக்கொண்டு கையுறையை எங்களைப் பார்த்து உயர்த்தினான்.

ஸ்டேடியமே எழும்பியது. பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் ஏனப்பா எறிந்தாய் என்று ஊளையிட்டார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெரிய அமெரிக்கர் மச்சானின் தோளை உலுக்கி, அது உன்னுடைய பந்து, உன்னுடையது என்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

“நான் என்ன பிழை செய்தனான்?” என்று மச்சான் என்னைக் கேட்டான்.

“பந்து எங்களுக்குத்தானாம். வச்சிருக்கலாமாம்.”

“அப்ப அவையள் என்னத்தை வச்சு விளையாடுறது?”

நான் அப்போது தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். போன் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. என் முட்டாள் முகம், பின்னாலிருந்து வந்த பந்து, அவனுடைய கைகள், எறிந்த எறி, எல்லாம். பத்து விநாடிக்குள் வெட்டி, ‘எங்கடை மச்சான், வெறுங்கை’ என்று எழுதி, எல்லாரும் பார்க்கிற என் ஸ்டோரியில் ஏற்றிவிட்டேன். என் விரல்கள் என்னைவிட வேகமானவை. அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தவன் நான்.

ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் பெரிய திரையில் மச்சான். வீட்டுச் சுவர் உயரத்துக்கு அவனுடைய முகம். தொப்பி எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. பிடித்ததை ஒரு தடவை, எறிந்ததை ஒரு தடவை, பிறகு இரண்டையும் மெதுவாக இன்னொரு தடவை காட்டினார்கள். மச்சான் இருக்கையில் வழுக்கிக் கீழே போய்க்கொண்டேயிருந்தான்.

“இது டீவியிலையும் போகுமோ?” என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்குப் பகிடி நின்றது. அப்போதுதான் அவன் இடது கையை மடியில் வைத்து வலது கையால் மூடியிருப்பதையும் கண்டேன்.

மோதிர விரல் வேறு யாருடையதோ மாதிரி வீங்கியிருந்தது. கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தும் இருந்தது. நோகுதா என்று கேட்டேன். இல்லை என்றான். உதடு வெளிறியிருந்தது.

முதலுதவி அறையில் ஒரு பெண், நல்ல மனுஷி, ஐஸ் வைத்து, அந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினாள். உடைந்திருக்கலாம், இன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள் என்றாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, பெயர் என்ன என்று கேட்டாள். மச்சான் அந்தப் படிவத்தையே பார்த்தான். அவள் இரண்டாம் தடவை கேட்டாள். அவன் எழுந்து, நன்றி சொல்லி, ஐஸ் பையோடு வெளியே நடந்துவிட்டான். நான் பின்னால் ஓடினேன். வெளியே அவன் என்னிடம் சொன்னது இதுதான்: இன்று இத்தனை மணிக்கு இந்த இடத்தில் இருந்தேன் என்று என் பெயரோடு ஒரு கடதாசி கிடக்கக்கூடாது. விசா ஆட்கள் கேட்டால் எல்லாக் கடதாசியும் அங்கே போகும். அப்படி ஒன்றும் போகாது என்று சொன்னேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது.

ஸ்டோரியை அழித்தேன். முப்பத்தைந்து நிமிடம் கிடந்திருக்கிறது. அழித்துவிட்டேன் என்று அவனுக்குச் சொல்லப் போனேன், அதற்குள் போன் அதிரத் தொடங்கியது. யாரோ அதைப் பதிவு செய்து ஒரு கிரிக்கெட் கிளப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து கோயில் குரூப். அங்கிருந்து வால்தம்ஸ்டோவில் யாரோ ஒரு அங்கிளின் குரூப். எல்லாம் சந்தோஷச் செய்திகள். எங்கடை பெடியன். வெள்ளையள் கையுறையோடை நிக்க இவன் வெறுங்கை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு தமிழ் முகத்தைக் கண்டால், எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய மகன், எங்கே வேலை என்ற நான்கும் பொருந்தும்வரை இருப்புக் கொள்ளாது. ஒரு குரூப்பில் அந்த நான்கும் என் கண்முன்னால் ஒவ்வொன்றாகப் பொருந்தின. ஊர் எது என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் சரியாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தை அவனுடன் படித்த ஒருவன் சொன்னான். மாமாவின் பெயரை ஒரு அன்ரி போட்டார். கடைசியாக யாரோ, ஆள் ஸ்ட்ரெதமில் வயதுபோன ஆட்களைப் பார்க்கிற இடத்தில் வேலை, நல்ல பிள்ளை, கஷ்டப்படுகிற பிள்ளை என்று எழுதி, பக்கத்தில் கும்பிடுகிற கையும் போட்டிருந்தார். அவனுக்கு யாரும் கெடுதல் நினைக்கவில்லை. ஒருவரும். எல்லாரும் சேர்ந்து அவனை அன்பாகத் தூக்கிக்கொண்டு போய் மனேஜரின் மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேட்ச் பாதியில் கிடக்க நாங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தோம். பிளாட்பாரத்தில் அவனுடைய போனுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. அவனோடு வேலை செய்கிற அக்கா. மன்னாரைச் சேர்ந்தவர், இல்லத்தில் எட்டு வருடமாக இருப்பவர், அவனுக்கு அந்த வேலையைப் பழக்கியவர். அவனுக்குக் கேட்கப் பயம். போனை என்னிடம் தந்தான். இரண்டு பேருமாகக் காதை வைத்துக் கேட்டோம்.

“தம்பி, வீடியோ பாத்தன். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், பயப்பிடாதை. ஆனா இதைக் கேள். இண்டைக்கு உன்ரை இடத்துக்கு ஆள் வரேல்லை. நானும் ஒரு புதுப் பிள்ளையும்தான் நிண்டனாங்கள். நாளைக்குக் காலமை பன்னிரண்டாம் ரூம் அம்மாவை நீயும் நானும்தான் எழுப்ப வேணும். உனக்குக் கை ஏலாதெண்டா சொல்லிப்போடு. கையை ஒளிச்சுக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்திலை நிக்காதை. உன்ரை பக்கம் விட்டா அந்த மனுசி விழும்.”

ரயில் வந்து, கதவு மூடிப் போய்விட்டது. நாங்கள் ஏறவில்லை. அவன் அந்த மெசேஜை இன்னொரு தடவை கேட்டான்.

ஸ்ட்ரெதமில் அவனுடைய அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு ஜன்னல். நான் வழி முழுக்கத் திட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். வயிற்றுவலி சுகமாகிவிட்டது, இரவு படியில் சறுக்கிக் கை பட்டுவிட்டது என்று சொல்லலாம். வீடியோவில் இருப்பது வேறு யாரோ என்று சொல்லலாம். அவன் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. மேசையில் வேலைக்குப் போடுகிற நீலக் கையுறைப் பெட்டி இருந்தது. ஒன்றை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட விரல்களுக்கு மேலே இழுத்தான். நெற்றியில் வேர்த்தது. போட்டு முடித்ததும் கையை நீட்டிக் காட்டினான். வீக்கம் தெரியவில்லை. நீலக் கை, அவ்வளவுதான்.

“கட்டில்லை படு” என்றான்.

“ஏன்?”

“படு. உன்னை எழுப்பிப் பாக்கப் போறன்.”

பன்னிரண்டாம் அறை அம்மாவை எழுப்புவது எப்படி என்று அவன் முன்பு எனக்குச் சொல்லியிருக்கிறான். இடுப்பில் ஒரு பட்டி கட்டுவார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர். ஒரே நேரத்தில் எழுப்பி, கதிரைக்குத் திருப்பி, மெதுவாக இருத்த வேண்டும். நான் படுத்து, பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். என் பெல்ட்டைப் பட்டியாக நினைத்து இடது கையால் பிடித்தான். அக்காவின் பக்கத்துக்கு நானே கதிரையைப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. உடம்பைத் தளர்த்தி விடு, உதவி செய்யாதே, அவவுக்குக் காலில் சக்தி இல்லை என்றான். தளர்த்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுப்பினான்.

பாதி உயரத்தில் அவனுடைய இடது கை திறந்துவிட்டது. அவன் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது. நான் பக்கவாட்டில் போனேன். பெரிய விழுகை இல்லை. கட்டில் விளிம்பில் இடுப்பு இடித்து நிலத்தில் உட்கார்ந்தேன். ஆனால் அந்த அரை விநாடி, யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று நம்பி உடம்பைத் தளர்த்திவிட்டுப் போகிற அந்த அரை விநாடி, பந்து வந்ததைவிடப் பயமாக இருந்தது. பந்தை நான் காணவில்லை. இதை முழுதாக உணர்ந்தேன். எனக்கு இருபத்திமூன்று வயது. அந்த அம்மாவுக்கு எண்பத்தொன்பது.

மச்சான் கையுறையைக் கழற்றினான். போடும்போது எடுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது.

“காலமை போய்ச் சொல்லப் போறன்” என்றான்.

“என்னெண்டு?”

“நடந்ததை.”

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. வேலை போனால் அறுபது நாள், மகளின் முகத்தை நினை, ஒரு வாரம் வயிற்றுவலி என்று படு, விரல் சுகமான பிறகு போ என்று என்னென்னவோ சொன்னேன். நான் சொன்னதில் தர்க்கம் இருந்தது. அவன் அதை மறுக்கவும் இல்லை. ஒரு வாரத்துக்குப் பொய் சொன்னால் ஒரு வாரத்துக்கு அக்கா தனியாக நிற்பா என்று மட்டும் சொன்னான். பிறகு மனைவிக்கு வீடியோ அழைப்பு எடுத்தான். இடது கையைத் திரைக்கு வெளியே வைத்துக்கொண்டு, மகளுக்கு வலது கையை மட்டும் ஆட்டிக் காட்டினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு முதியோர் இல்லத்துக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் நான் நின்றேன். உள்ளே வராதே என்று சொல்லிவிட்டான். சீருடை போட்டுக்கொண்டுதான் போனான், பொத்தான்களை நான்தான் போட்டுவிட்டேன். மூன்று பஸ் வந்து போனது. ஒவ்வொரு டிரைவரும் கதவைத் திறந்து என்னைப் பார்த்தான், நான் தலையை ஆட்டினேன். அறுபது நாள் என்றால் எந்தத் தேதியில் முடியும் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் கணக்குப் படித்தவனுக்கு அந்தக் காலையில் அறுபது எண்ண முடியவில்லை.

கதவு திறந்து அவன் வந்தான். நடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. வீதியைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பார்த்துத்தான் கடந்தான்.

நடந்ததை முழுக்கச் சொன்னானாம். மனேஜர் முதலில் கையைத்தான் பார்த்தாளாம். தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாளாம். பிறகு வீடியோவைப் பற்றிக் கேட்கவில்லை, வயிற்றுவலியைப் பற்றியும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: இந்தக் கையோடு இன்று ஷிப்டுக்கு வர நினைத்தாயா?

“நீ என்ன சொன்னனி?”

“ஓம் எண்டு சொன்னன். நேற்றுப் பின்னேரம் வரைக்கும் அப்பிடித்தான் நினைச்சிருந்தனான் எண்டு.”

நான் பஸ் நிறுத்தத்தில் இருந்த கம்பியை உதைத்தேன். ஏன் அதைச் சொன்னாய், அதை அவள் கேட்டாலும் இல்லை என்றுதானே சொல்ல வேண்டும் என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் தள்ளிப் போனார். மச்சான் நான் முடிக்கும்வரை நின்றான். அவள் அதை எழுதிக்கொண்டாள், வியாழக்கிழமை மீட்டிங், அதுவரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்றிருக்கிறாள் என்று சொன்னான். பன்னிரண்டாம் அறைக்கு யார் என்று கேட்டேன். மனேஜரே கையுறை போட்டுக்கொண்டு அக்காவோடு போனாளாம்.

எக்ஸ்ரேயில் விரல் உடைந்திருந்தது. ஒரு சின்னத் தகடு வைத்துக் கட்டினார்கள்.

வியாழன் வரை இருந்த மூன்று நாளை நான் எழுதப் போவதில்லை. அலுவலகத்தில் போன் அதிரும் ஒவ்வொரு தடவையும் கழிப்பறைக்கு எழுந்து ஓடினேன். குரூப்பில் இன்னமும் அந்த வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. கனடாவிலிருந்து ஒரு சித்தி அதையே எனக்கு அனுப்பி, இந்தப் பெடியனைத் தெரியுமா என்று கேட்டிருந்தார்.

வெள்ளி பின்னேரம் டூட்டிங்கில் நாங்கள் வழக்கமாகப் போகிற சாப்பாட்டுக் கடையில் அவன் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தான். நீ வாசி என்றான். அவனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். தான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார்க்கத்தான். வாசித்தேன். வேலை இருக்கிறது. விசாவுக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் பொய்யாக விடுப்பு எடுத்ததற்கு எழுத்தில் எச்சரிக்கை, அதுவும் கடைசி எச்சரிக்கை, பன்னிரண்டு மாதத்துக்கு. இந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் இன்னொரு தடவை ஏதாவது என்றால் வேலையிலிருந்து நீக்கலாம் என்று போட்டிருந்தது.

நான் மூச்சை விட்டேன். தப்பினாய் என்று அவனுடைய தோளில் தட்டினேன். இரண்டு கொத்து ரொட்டி சொன்னேன். எனக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. அடுத்த தடவை வலைக்குள்ளேயே இருப்போம் என்றுகூடச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கடிதத்தில் ஒரு வரிக்குக் கீழே நகத்தால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

“இந்த ஒரு வருசத்துக்குள்ளை எனக்கு உண்மையிலையே காய்ச்சல் வந்தா?” என்று கேட்டான். “அவ நம்புவாவே?”

கடிதத்தை அவனிடமிருந்து வாங்கி, தேதியிலிருந்து கையெழுத்து வரைக்கும் மெதுவாக மறுபடி வாசித்தேன். அதற்கான பதில் அதில் எங்கேயும் இல்லை.